மருந்துச்சீட்டு கணினிக்குப் போனபின்: குறைகிற பிழையும் இடம் மாறுகிற பிழையும்

2025-ல் பஞ்சாப்–ஹரியானா உயர் நீதிமன்றம் ஒரு ஜாமீன் மனுவை விசாரித்துக்கொண்டிருந்தபோது, அரசு மருத்துவர் எழுதிய மருத்துவச் சட்ட அறிக்கை ஒன்று நீதிபதியின் கைக்கு வந்தது. அதில் ஒரு எழுத்தைக்கூடப் படிக்க முடியவில்லை. நீதிமன்றம் அந்த மனுவோடு நிற்கவில்லை. படிக்க முடிகிற மருந்துச்சீட்டைப் பெறுவது அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவு தரும் உரிமை என்றது. இரண்டு ஆண்டுகளுக்குள் கணினி மருந்துச்சீட்டுக்கு மாற வேண்டும், அதுவரை மருத்துவர்கள் பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்றும் உத்தரவிட்டது. பிராண்டு பெயரை விட்டு மருந்தின் மூலப்பெயரைத் (ஜெனரிக் பெயரை) தெளிவாக, கூடுமானவரை பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்று இந்திய மருத்துவ கவுன்சில் 2016-லேயே விதி போட்டிருந்தது. அந்த விதி எந்த அளவுக்கு நடைமுறையில் இருக்கிறது என்பதை எந்த மெடிக்கல் ஷாப் வாசலில் நின்றாலும் பார்த்துக்கொள்ளலாம்.

நம் ஊரில் மின் மருந்துச்சீட்டைப் பற்றிய பேச்சு இப்படித்தான் கையெழுத்தில் ஆரம்பித்துக் கையெழுத்திலேயே முடிந்துவிடுகிறது. கணினியில் அடித்தால் எழுத்து புரியும், எழுத்து புரிந்தால் பிழை போகும் என்ற கணக்கு. வெளிநாட்டு மருத்துவமனைகள் இதில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பட்ட அனுபவம் வேறு மாதிரி இருக்கிறது. கையெழுத்துப் பிழை போகிறது, உண்மை. அதோடு வார்டில் யார் என்ன முடிவெடுக்கிறார், யார் யாரைச் சரிபார்க்கிறார், யார் எங்கே நிற்கிறார் என்பதெல்லாம் சேர்ந்தே மாறுகிறது. நல்லதும் கெட்டதும் அந்த மாற்றத்திலிருந்துதான் வருகின்றன.

காகித முறையில் ஓர் உள்நோயாளிக்கு மருந்து வந்துசேரும் பாதையைப் பாருங்கள். ரவுண்ட்ஸில் சீஃப் வாயால் சொல்கிறார். பி.ஜி. மாணவர் கேஸ் ஷீட்டில் எழுதுகிறார். ஸ்டாஃப் நர்ஸ் அதைப் பார்த்து டிரீட்மென்ட் சார்ட்டில் ஏற்றுகிறார். அதிலிருந்து பார்மசிக்கு இன்டென்ட், அதாவது மருந்து கேட்கும் பட்டியல், போகிறது. மருந்து வார்டுக்கு வந்தபின், மாத்திரை நேரத்தில் வேறொரு ஷிப்டில் இருக்கும் நர்ஸ் சார்ட்டைப் பார்த்துக் கொடுக்கிறார். ஒரே ஆணை மூன்று, நான்கு முறை நகலாகிறது. ஒவ்வொரு நகலிலும் ஒரு புள்ளி விழலாம், ஒரு வேளை மாறலாம், நிறுத்தச் சொன்ன மருந்து நிற்காமல் தொடரலாம். கணினி முதலில் ஒழிப்பது இந்த நகலெடுப்பைத்தான். ஆனால் அந்த ஒவ்வொரு நகலெடுப்பும் இன்னொரு மனிதர் அந்த ஆணையைப் படித்துப் பார்க்கும் தருணமாகவும் இருந்தது. ‘என்ன சார், இந்தப் பாட்டிக்கு இவ்வளவு டோஸா?’ என்று சிஸ்டர் கேட்கிற தருணம் அது. நகல் போகும்போது அதுவும் போகிறது.

அமெரிக்காவில் இந்த விஷயம் பொதுமக்கள் பேச்சானது 1999-ல். அந்நாட்டின் மருத்துவக் கழகம் வெளியிட்ட அறிக்கை, மருத்துவமனைப் பிழைகளால் ஆண்டுக்கு 44,000 முதல் 98,000 பேர் வரை இறக்கிறார்கள் என்று மதிப்பிட்டது. மருந்துப் பிழைகளால் மட்டும் சுமார் 7,000 பேர். மருத்துவரே மருந்து ஆணையைக் கணினியில் போடும் கணினி ஆணைமுறைதான் தீர்வு என்ற நம்பிக்கைக்கு அதற்கு முந்தைய ஆண்டே ஓர் ஆதாரம் வந்திருந்தது. பாஸ்டன் பிரிகாம் மருத்துவமனையில் டேவிட் பேட்ஸ் குழு நடத்திய ஆய்வில், கணினி முறை வந்தபின், இடையில் யாரிடமும் பிடிபடாமல் போன கடுமையான மருந்துப் பிழைகள் 55 விழுக்காடு குறைந்திருந்தன. 1,000 நோயாளி-நாட்களுக்கு (ஒரு நோயாளி ஒரு நாள் படுத்திருந்தால் ஒரு நோயாளி-நாள்) 10.7 என்றிருந்தது 4.86 ஆனது. இன்றுவரை இந்த முறையை விற்கும் ஒவ்வொருவரும் எடுத்து நீட்டும் எண் இது.

அதே ஆய்வில் இன்னோர் எண் இருக்கிறது, அதை யாரும் நீட்டுவதில்லை. நோயாளிக்கு உண்மையிலேயே தீங்கு விளைந்து, தடுத்திருக்கவும் கூடிய நிகழ்வுகள் 17 விழுக்காடுதான் குறைந்தன. அதுவும் தற்செயலாக இருக்கலாம் என்று சொல்லும் அளவுக்குப் புள்ளியியல் ரீதியில் பலவீனமான குறைவு. பிழை பாதிக்கு மேல் குறைந்தும் தீங்கு ஏன் அந்த அளவு குறையவில்லை? பிடிபடாத பிழைகளிலும் பெரும்பகுதி தீங்கு வரை போவதே இல்லை. உடம்பு தாங்கிக்கொள்கிறது. இதே மருத்துவமனையின் அடுத்த ஆய்வு இன்னும் சுவையானது. ஒரு கட்டத்தில் ஆபத்தான ஆணைகள் கூடின. பொட்டாசியம் குளோரைடு ஆணையைத் திரை வாங்கிய விதம் அதற்குக் காரணம். பெரிய அளவைப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்பது ஆணையில் வராமல் போனது. பார்மசியில் பிடித்தார்கள், திரையைத் திருத்தினார்கள், எண்ணிக்கை விழுந்தது. மென்பொருளை வாங்கிய நாளோடு வேலை முடியவில்லை என்பதை அந்த மருத்துவமனை ஆரம்பத்திலேயே கற்றுக்கொண்டது.

கணினி தனித் திறமை காட்டும் இடமும் உண்டு. மனிதர் மறக்கும் கணக்கை அது மறக்காது. சிறுநீரகம் பழுதானவருக்கு ஆன்டிபயாட்டிக் அளவைக் குறைக்க வேண்டும். ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்து, வயது, எடை சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். நள்ளிரவு டியூட்டியில் இதை ஒவ்வொருவருக்கும் யார் போடுவார்? பிரிகாமில் அந்தக் கணக்கைப் போட்டு, சரியான அளவைத் திரையிலேயே காட்டினார்கள். சரியான அளவில் எழுதப்பட்ட ஆணைகள் 54-லிருந்து 67 விழுக்காட்டுக்கு ஏறின. அதாவது கணினி விடையை நீட்டியும் மூன்றில் ஒன்று சரியாக வரவில்லை. ஆனாலும் முன்பைவிட நிச்சயம் மேல்.

சிட்னியின் இரண்டு போதனா மருத்துவமனைகளில் நடந்து 2012-ல் வெளியான ஆய்வுதான் இந்த விவகாரத்தின் முழு முகத்தையும் காட்டுகிறது என்பேன். ஜோஹன்னா வெஸ்ட்புரூக் குழு, கணினி முறை வந்த வார்டுகளையும் வராத வார்டுகளையும் ஒப்பிட்டது. வந்த வார்டுகளில் மருந்தெழுதும் பிழைகள் ஏறக்குறைய 57 முதல் 66 விழுக்காடு வரை குறைந்தன. கடுமையான பிழைகளும் நன்றாகவே குறைந்தன. இதுவரை நல்ல செய்தி. மிச்சமிருந்த பிழைகளைப் பிரித்துப் பார்த்தபோதுதான், அவற்றில் 35 விழுக்காடு கணினி முறையே உண்டாக்கியவை என்று தெரிந்தது. காகிதத்தில் நடக்கவே முடியாத பிழைகள்: பட்டியலில் பக்கத்து வரியைத் தட்டியது, தானாக நிரம்பிய நேரத்தை மாற்ற மறந்தது போன்றவை. கிறுக்கல் பிழை பார்த்தவுடன் சந்தேகம் தரும். அச்சடித்த பிழை சந்தேகம் தராது. கணினிப் பிழையை ஆபத்தாக்குவது அதுதான்.

அது எப்படி நடக்கும் என்பதற்கு, சான் பிரான்சிஸ்கோவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழக மருத்துவமனையில் 2013-ல் நடந்த சம்பவத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். அம்மருத்துவமனை மருத்துவர் ராபர்ட் வாச்சர் பிறகு அதை விரிவாக வெளியுலகுக்குச் சொன்னார். பெருங்குடல் பரிசோதனைக்காக வந்த 16 வயதுப் பையன். அபூர்வமான பரம்பரை நோய் உள்ளவன். தொற்று வராமலிருக்க நம்மூரில் செப்ட்ரான், பாக்ட்ரிம் என்று கிடைக்கும் மாத்திரையை வீட்டில் தினமும் காலையில் ஒன்று, இரவில் ஒன்று சாப்பிட்டுவந்தான். அதையே தொடர்ந்து கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

பையனின் எடை 38.6 கிலோ. 40 கிலோவுக்குக் கீழே இருந்தால் கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்று எடைக்கணக்கில்தான் ஆணை எழுத வேண்டும் என்பது மருத்துவமனை விதி. மருத்துவர் அப்படியே எழுதினார். கணக்கு 193 மில்லிகிராம் வந்தது. மாத்திரை இருப்பது 160-ல். பார்மசிஸ்ட் அதைப் பார்த்து, 160 மில்லிகிராம் என்று மறுபடி எழுதுங்கள் என்று செய்தி அனுப்பினார். மருத்துவர் திரையைத் திறந்து 160 என்று அடித்தார். அந்தப் பெட்டி இன்னும் ‘கிலோவுக்கு மில்லிகிராம்’ என்ற அளவிலேயே நின்றுகொண்டிருந்தது. ஒரு மாத்திரை 38 மாத்திரையும் ஒரு பாதியும் ஆனது.

கணினி எச்சரிக்கவே செய்தது. அது தினமும் வரும் நூறு எச்சரிக்கைகளின் அதே முகத்தோடு வந்தது, மருத்துவர் தாண்டிப்போனார். பார்மசிஸ்டுக்கும் எச்சரிக்கை வந்தது; அவரும் தாண்டினார், அவர்தானே சரியான அளவைச் சொல்லி அனுப்பியவர். பொட்டலம் கட்டும் ரோபோ சொன்னதைச் சரியாகச் செய்தது. அன்றிரவு வழக்கமான வார்டை விட்டு அங்கே பணிக்கு வந்திருந்த நர்ஸுக்கு உறுத்தியது. இவ்வளவு மாத்திரையா? ஆனால் மருத்துவர் எழுதி, பார்மசி சரிபார்த்து வந்தது. பார்கோடு ஸ்கேன் செய்தால் 38.5 மாத்திரைதான் சரி என்று கணினி உறுதி செய்கிறது. அபூர்வ நோய்க்காரன், ஆராய்ச்சி மருத்துவமனை, ஏதோ காரணம் இருக்கும். கொடுத்துவிட்டார். பையனுக்கு வலிப்பு வந்தது. உயிர் பிழைத்தான்.

இதில் கவனக்குறைவான ஆள் என்று யாரைச் சொல்வது? காகிதத்தில் இது நடந்திருக்குமா என்று யோசித்தால் சங்கிலி தெளிவாகும். ‘38½ மாத்திரை’ என்று யாரும் கையால் எழுதமாட்டார்கள். எழுதினாலும் பார்மசியில் சிரிப்பார்கள். கணினியில் யாரும் அதை எழுதவில்லை. எழுதாமலேயே அது உருவானது. உருவானபின் அதற்கு அடுத்தடுத்த ஆட்களிடம் கணினியின் அத்தாட்சி கிடைத்துக்கொண்டே போனது.

எச்சரிக்கை விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். மின் மருந்துச்சீட்டின் பெரிய வாக்குறுதியே அதுதான்: ஒவ்வாமை, மருந்துக்கு மருந்து மோதல், அளவு மீறல் எல்லாவற்றையும் கணினி பார்த்துக்கொள்ளும். 2006-ல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பாதுகாப்பு எச்சரிக்கைகளை மருத்துவர்கள் 49 முதல் 96 விழுக்காடு வரை தள்ளிவிடுவது தெரிந்தது. திமிரால் தள்ளுவதில்லை. இதயத்தில் ஸ்டென்ட் வைத்த நோயாளிக்கு ஆஸ்பிரினும் குளோபிடோகிரெலும் சேர்த்துத்தான் கொடுப்பார்கள், அதுதான் சிகிச்சை. இரண்டும் சேர்ந்தால் ரத்தக்கசிவு ஆபத்து என்று கணினி ஒவ்வொரு தடவையும் குறுக்கே நின்றால், கார்டியாலஜி வார்டில் அந்தப் பெட்டியை மூடுவது கைப்பழக்கமாகிவிடும். அதே கை ஒருநாள் பென்சிலின் ஒவ்வாமை எச்சரிக்கையையும் மூடும். மென்பொருள் நிறுவனத்துக்கோ எச்சரிக்கையைக் கூட்டுவதில் நஷ்டமில்லை. நாளை வழக்கு வந்தால் ‘நாங்கள் சொன்னோமே’ எனலாம். குறைப்பதற்குத்தான் துணிச்சலும் ஆளும் வேண்டும். எதை யார் எத்தனை முறை தள்ளுகிறார்கள் என்று மாதாமாதம் பார்த்து, உபயோகமில்லாததை நீக்கும் ஒரு பார்மசிஸ்டின் சம்பளம் பெரும்பாலான மருத்துவமனை பட்ஜெட்டில் இருப்பதில்லை.

எழுத்துக் குழப்பமாவது ஒழிந்ததா? அதுவும் உருமாறுகிறது. 2017 டிசம்பரில் அமெரிக்காவின் நாஷ்வில் நகர வான்டர்பில்ட் பல்கலைக்கழக மருத்துவமனையில், பதற்றம் தணிக்கும் வெர்செட் என்ற மருந்தை எடுக்க வேண்டிய நர்ஸ், தானியங்கி மருந்து அலமாரியில் VE என்று முதல் இரண்டு எழுத்துகளை அடித்தார். அலமாரி மூலப்பெயரில் தேடியது. வெர்செட்டின் மூலப்பெயர் மிடாசொலாம். தசைகளை முடக்கும் வெக்குரோனியம் வந்தது. அதற்குமேல் நர்ஸ் கவனிக்கத் தவறியவையும் பல. நோயாளி இறந்தார், 2022-ல் நீதிமன்றம் நர்ஸைக் குற்றவாளி என்றது. மருந்துப் பாதுகாப்பு அமைப்பு, இத்தகைய அலமாரிகளில் குறைந்தது ஐந்து எழுத்து அடித்த பிறகே பெயர் வர வேண்டும் என்று பரிந்துரைத்தது.

இந்தியாவில் ஐந்து எழுத்து போதுமா? 2001-ல் உச்ச நீதிமன்றம் வரை போன காடிலா வழக்கு நினைவிருக்கலாம். மூளை மலேரியாவுக்கான இரண்டு மருந்துகள். ஒரு நிறுவனத்தின் மருந்துக்குப் பெயர் ஃபால்சிகோ, மற்றதன் மருந்துக்கு ஃபால்சிடாப். ஆங்கிலத்தில் முதல் ஐந்து எழுத்தும் ஒன்றே. மருந்துப் பெயர்களில் குழப்பத்துக்குச் சிறிதும் இடம் தரக்கூடாது என்று நீதிமன்றம் சொல்லியும், பிராண்டுகள் பல்லாயிரக்கணக்கில் பெருகிவிட்டன. கையெழுத்தில் குழப்பியவை உருவத்தால் ஒத்த பெயர்கள். திரையில் குழப்புபவை அகரவரிசையில் அண்டை வீட்டுக்காரர்கள்.

பிராண்டு விஷயத்தில் இன்னொரு சிக்கல், கூட்டு மருந்து. காய்ச்சலுக்கு டோலோ 650, கூடவே ஜலதோஷத்துக்கு சினாரெஸ்ட் என்று எழுதினால் இரண்டிலும் பாராசிட்டமால் இருக்கிறது. அதைக் கணினி கண்டுபிடிக்க வேண்டுமானால், பிராண்டுக்குப் பின்னால் எந்தெந்த மூலமருந்து, எவ்வளவு என்ற பட்டியல் உள்ளே இருக்க வேண்டும். சந்தையில் ஒவ்வொரு வாரமும் மாறுவதற்கேற்ப அதுவும் மாற வேண்டும். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் அரசே அப்படிப்பட்ட அகராதிகளைப் பராமரிக்கிறது. இந்தியாவில் புனே சி-டாக் நிறுவனத்தில் இயங்கும் தேசிய மையம் பொது மருந்துக் குறியீட்டுப் பட்டியலை வெளியிட்டிருக்கிறது. தங்கள் மென்பொருள் அதைப் பயன்படுத்துகிறதா, அல்லது யாரோ எக்செலில் அடித்துக் கொடுத்த பட்டியலில் ஓடுகிறதா என்பது மருத்துவமனைகள் அவசியம் கேட்க வேண்டிய கேள்வி. பட்டியல் இல்லாத மின் மருந்துச்சீட்டு வெறும் டைப்ரைட்டர்தான்.

இங்கே தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளுக்கு ஓர் அனுகூலம் இருக்கிறது, அதை நாம் போதுமான அளவு உணர்வதில்லை. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் தொண்ணூறுகளின் மத்தியிலிருந்து மூலப்பெயரில் மருந்து வாங்கி மாவட்டக் கிடங்குகள் வழியாகக் கொடுத்துவருகிறது. பட்டியலில் உள்ளவை சில நூறு மருந்துகள்தான். இன்ன கிடங்கில் இன்ன மருந்து எவ்வளவு இருக்கிறது என்ற கணக்கும் கணினியில்தான் ஓடுகிறது. மின் மருந்துச்சீட்டுக்கு இதைவிடச் சுத்தமான அடித்தளம் கிடைப்பது கடினம். தனியார் மருத்துவமனை பல்லாயிரம் பெயர்களோடு மல்லுக்கட்டும்போது, தாலுகா மருத்துவமனையின் பிரச்சினை வேறு: காலை ஓ.பி.யில் ஒரு மருத்துவர் முன் நிற்கும் கூட்டம். சீட்டில் மூன்று மருந்தும் ‘1-0-1’-உம் எழுத அரை நிமிடம் ஆகாது. அதைத் திரையில் செய்ய இரண்டு நிமிடம் ஆனால், நூறு நோயாளிக்கு எத்தனை மணி நேரம் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அப்போது நடக்கப்போவது தெரிந்ததே: மருத்துவர் காகிதத்தில் எழுதுவார், டேட்டா என்ட்ரி ஊழியர் பிற்பாடு ஏற்றுவார். ஒழிக்க வந்த நகலெடுப்பு பின்வாசல் வழியாகத் திரும்பி வந்துவிடும்.

இந்த நேரக்கணக்கு உயிர்க்கணக்காகவே மாறிய இடம் பிட்ஸ்பர்க் குழந்தைகள் மருத்துவமனை. 2002 அக்டோபரில் ஆறே நாளில் மருத்துவமனை முழுவதும் கணினி ஆணைமுறையைக் கொண்டுவந்தார்கள். வேறு மருத்துவமனைகளிலிருந்து அவசரமாக அனுப்பப்பட்டு வந்த குழந்தைகளில் இறப்பு விகிதம் அதற்கு முன் 2.80 விழுக்காடு, அடுத்த ஐந்து மாதத்தில் 6.57. அங்கேயே பணிபுரிந்த மருத்துவர்கள் 2005-ல் இதை வெளியிட்டார்கள், அதற்கே தைரியம் வேண்டும். காரணங்கள் சாதாரணமானவை. முன்பெல்லாம் குழந்தை ஆம்புலன்ஸில் வந்துகொண்டிருக்கும்போதே மருந்துகளுக்குச் சொல்லித் தயாராக வைத்திருப்பார்கள். புதிய முறையில் குழந்தை வந்து, பதிவாகி, எண் கிடைத்த பிறகுதான் ஆணையே போட முடியும். ஐ.சி.யூ.விலேயே இருந்த அவசர மருந்துகள் மையப் பார்மசிக்கு மாற்றப்பட்டிருந்தன. குழந்தையின் அருகில் நின்றிருக்க வேண்டிய ஒருவர் திரை முன்னால் உட்கார்ந்திருந்தார்.

அதே நிறுவனத்தின் மென்பொருளைச் சியாட்டில் குழந்தைகள் மருத்துவமனையும் போட்டது. அங்கே இறப்பு கூடவில்லை. பிட்ஸ்பர்க்கில் நடந்ததைத் தெரிந்துகொண்டு, வழக்கமான அவசரநிலைகளுக்கு ஆணைத் தொகுப்புகளை முன்கூட்டியே தயாரித்து வைத்திருந்தார்கள். ஸ்டான்ஃபோர்டின் குழந்தைகள் மருத்துவமனையில் கணினி ஆணைமுறைக்குப் பின் இறப்பு விகிதம் 20 விழுக்காடு குறைந்ததாக 2010-ல் ஆய்வு வந்தது. ‘மின் மருந்துச்சீட்டு உயிர் காக்குமா?’ என்று கேட்பதில் அர்த்தமில்லை என்று எனக்குத் தோன்றுவது இதனால்தான். பிட்ஸ்பர்க்கில் முடிவைத் தீர்மானித்தது மென்பொருள் மட்டுமில்லை. அதோடு சேர்ந்து மாற்றப்பட்ட மருந்து அலமாரியின் இடமும் பதிவு கவுன்டரின் விதியும்.

பென்சில்வேனியா பல்கலைக்கழக மருத்துவமனையில் ராஸ் கோப்பல் என்ற சமூகவியலாளர் அதே 2005-ல் காட்டியதும் இந்த வகைதான். ஒரு நோயாளியின் மொத்த மருந்துகளையும் பார்க்க 20 திரை வரை புரட்ட வேண்டியிருந்தது. அந்த முறை வழிவகுத்த 22 வகைப் பிழை ஆபத்துகளை அவர் பட்டியலிட்டார். பிறகு பார்கோடு முறையை ஆராய்ந்தபோது, நர்ஸுகள் கையாளும் 15 வகைக் குறுக்குவழிகளைக் கண்டார். நோயாளியின் கைப்பட்டையில் இருக்க வேண்டிய பார்கோடை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டி வைத்துக்கொள்வதும் அதில் ஒன்று. சோம்பேறித்தனம் என்று திட்டுவது எளிது. தூங்கும் நோயாளியின் கைப்பட்டை ஈரத்தில் கசங்கி ஸ்கேன் ஆகவில்லை, எட்டு மணி மருந்துக்கு இன்னும் இருபது பேர் காத்திருக்கிறார்கள், தாமதமானால் திரையில் சிவப்புக் குறி விழும் என்றால் யாராக இருந்தாலும் வழி தேடத்தான் செய்வார்கள். நம் மருத்துவமனைகளில் இதற்கு இணையான குறுக்குவழி, சீஃபின் பாஸ்வேர்டில் பி.ஜி. மாணவர் ஆணை போடுவது. ஆணையிட்டவர் யார் என்று நாளை கேள்வி வந்தால் கணினி ஒரு பெயரைச் சொல்லும். வார்டில் எல்லோருக்கும் வேறொரு பெயர் தெரியும்.

மின் மருந்துச்சீட்டின் மிகப் பெரிய பலம் எச்சரிக்கையில் இல்லை, முன்கூட்டியே நிரப்பி வைத்திருக்கும் விடையில் இருக்கிறது. அதே பென்சில்வேனியா பல்கலைக்கழகக் குழுமத்தில் இதற்கு இரண்டு நேர்த்தியான உதாரணங்கள். மூலப்பெயர் மருந்தே தானாகத் தேர்வாகும், பிராண்டு வேண்டுமென்றால் ஒரு பெட்டியில் டிக் செய்ய வேண்டும் என்று திரையை மாற்றினார்கள். மூலப்பெயர் மருந்து எழுதுவது 75.3 விழுக்காட்டிலிருந்து 98.4-க்கு ஏறியது. ஒரு சுற்றறிக்கை இல்லை, ஒரு வகுப்பு இல்லை. அவசரப் பிரிவில் ஓபியாய்டு (அபின் வகை) வலிமாத்திரைக்கு 10 என்ற எண்ணிக்கையை முன்னிருப்பாக வைத்தபோது, 10 மாத்திரைச் சீட்டுகள் 20.6-லிருந்து 43.3 விழுக்காடாயின. 2016 விதியால் நாம் சாதிக்க முடியாததை ஒரு டிக் பெட்டி சாதிக்கிறது.

அந்தப் பலம் யார் கையிலும் போகலாம். பிராக்டிஸ் ஃப்யூஷன் என்ற அமெரிக்க மென்பொருள் நிறுவனம், ஓபியாய்டு தயாரிக்கும் கம்பெனியிடம் ஏறக்குறைய 10 லட்சம் டாலர் வாங்கிக்கொண்டு, மருத்துவரை அந்த வலிமருந்தின் பக்கம் தள்ளும் நினைவூட்டலைத் தன் திரையில் வைத்தது. 2020 ஜனவரியில் 14.5 கோடி டாலர் கட்டி வழக்கை முடித்துக்கொண்டது. மெடிக்கல் ரெப் கொடுக்கும் பேனாவும் காலண்டரும் இதற்குமுன் எம்மாத்திரம்? ரெப் வந்தால் மருத்துவருக்குத் தெரியும். திரையில் மேலே நிற்கும் பெயர் ஏன் மேலே நிற்கிறது என்பது தெரியாது. நம் ஊரில் மருந்தெழுதும் ஆப்களை மருத்துவர்களுக்கு இலவசமாகக் கொடுக்கும் நிறுவனங்களின் வருமானம் எங்கிருந்து வருகிறது என்று விசாரிப்பது ஒழுங்குமுறை அமைப்புகளின் வேலை.

கணினி நின்றுபோனால் என்ன ஆகும் என்பதற்கு நாம் வெளிநாடு போக வேண்டியதில்லை. 2022 நவம்பர் 23-ல் டெல்லி எய்ம்ஸின் சர்வர்கள் ரேன்சம்வேர் (தரவைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் மென்பொருள்) தாக்குதலில் முடங்கின. ஓ.பி. பதிவு, பரிசோதனை முடிவு, பில்லிங் எல்லாம் பல நாட்கள் கையால் நடந்தன. எய்ம்ஸ் சமாளித்ததற்கு ஒரு காரணம், காகிதத்தில் வேலை செய்து வளர்ந்த தலைமுறை இன்னும் பணியில் இருந்தது. டிரீட்மென்ட் சார்ட்டையே பார்க்காமல் பயிற்சி முடித்து வரும் நர்ஸுகளும் மருத்துவர்களும் பணியில் இருக்கும் காலத்தில் அதே தாக்குதல் நடந்தால், அச்சடித்த காலிச் சார்ட் கட்டு எந்த அலமாரியில் இருக்கிறது என்பதே முதல் கேள்வியாக இருக்கும்.

நம் தனியார் மருத்துவமனைகளில் மென்பொருள் பெரும்பாலும் பில்லிங்கில் தொடங்கி, பார்மசி ஸ்டாக்குக்கு நகர்ந்து, கடைசியில் மருத்துவர் மேசைக்கு வருகிறது. அதனால் டெமோவிலும் முதலில் வருவது டாஷ்போர்டும் ஜி.எஸ்.டி.யும்தான். டெமோ நாளில் நிர்வாகிகள் மட்டும் உட்காராமல், இரவு டியூட்டி பார்க்கும் ஒரு நர்ஸையும் பார்மசிஸ்டையும் உட்கார வைத்துச் சில சோதனைகளைச் செய்து பார்க்கலாம். 38 கிலோ சிறுவனுக்கு மில்லிகிராம் கணக்கில் ஆணை போட்டு, அளவு அலகு எங்கே தெரிகிறது என்று பாருங்கள். நெட்வொர்க் வயரைப் பிடுங்கிவிட்டு, கடைசியாகக் கொடுத்த இன்சுலின் எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். மூட்டுவாதத்துக்கு மெத்தோட்ரெக்ஸேட் 10 மில்லிகிராம் என்று அடியுங்கள். அது வாரத்துக்கு ஒருநாள் மட்டுமே சாப்பிட வேண்டிய மருந்து, தினமும் சாப்பிட்டு இறந்தவர்கள் பல நாடுகளில் உண்டு. ‘தினமும்’ என்பதைத் திரை எதிர்ப்பில்லாமல் ஏற்றுக்கொண்டால், மருந்துப் பட்டியலில் அந்த வரியைத் திருத்தப்போவது யார், எந்தத் தேதிக்குள் என்பதை எழுதி வாங்கிக்கொண்ட பிறகே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும்.